கண்ணாடி மாதிரிக் கடல்

மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. என் கணவர் தயாபரன் காலைத் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் வாழ்க்கையின் பெரிய முடிவை அறிவித்தார்.

"இஞ்சரும் குமுதினி, வாற கிழமையிலை இருந்து நான் மீன் பிடிக்கப் போறன்."

எனக்குப் புரையேறியது. இந்த மனிசன் குளியலறை வாளித் தண்ணீரில் வழுக்கி விழுந்து இரண்டு கிழமை நொண்டியவர்.

"ஏனப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"நீந்துறது மீன். நான் கரையிலைதான் நிப்பன்."

"கரையிலை நிண்டவையைத்தானே அலை இழுக்கிறது. நடுக்கடலிலை நிண்டவையை எங்கை இழுக்கும்?"

அவர் தொலைபேசியில் தூண்டில் தடிகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கவலைப்படப் பிறந்தவள். லிஃப்ட் ஏறினால் அறுந்துவிடுமோ என்று கவலை. அறுந்து விழாவிட்டால், அடுத்த முறைக்கு மிச்சம் வைத்திருக்கிறதோ என்று கவலை. ஆனாலும் அன்றைக்கு ஒரு பக்கத்தால் ஆறுதலும் வந்தது. சீட்டாட்டத்துக்கு மீன் மேல்தானே.

முந்நூற்றிநாலு என்று எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு சீட்டாட்டம் உண்டு. நாலு பேர் வேண்டும். ஒருவர் துரும்பு என்கிற துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கத் தலையைப் பிய்ப்பார்கள். பக்கத்தில் வீடு எரிந்தாலும், துரும்பு எது என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற எழும்புவார்கள். போன வருசம் என்னைப் பல்லு டாக்குத்தரிடம் இறக்கிவிட்டுப் போனவர், அப்பாசியாவில் தன் கூட்டாளி ஸ்ரீகாந்த் வீட்டில் ஆட உட்கார்ந்துவிட்டார். நான் வீங்கிய கன்னத்தோடு மூன்று மணித்தியாலம் வாசலில் நின்றேன். அன்று இரவே சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினேன். "இனிமேல் சீட்டு என்ரை கையிலை படாது." இதுதான் அவர் சொன்ன வசனம். சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம்.

ஆகவே மீன் பிடிக்கட்டும் என்று விட்டேன். தடி வந்தது. பெட்டி வந்தது. தொப்பி வந்தது. மீன்பிடிக்காரர் போடுகிற கையுறை ஒரு சோடியும் வந்தது. தடியைக்கூட அவர் அவ்வளவு தேடவில்லை, கையுறைக்குத்தான் நாலு கடை ஏறி இறங்கினார்.

"ஏனப்பா, கையுறை அவ்வளவு முக்கியமோ?"

"அதில்லாமல் ஒண்டும் நடக்காது."

பிறகு பாடம் தொடங்கியது. "சும்மா போய்த் தூண்டிலைப் போடுறதெண்டு நினைச்சீரோ? உதுக்குக் கண்டிஷன் பாக்க வேணும். காத்து, பெருக்கு, வத்து, தண்ணியின்ரை சூடு, நிலவு. பங்குனி, சித்திரைதான் இஞ்சை நல்ல காலம். தண்ணி மெல்லமாய்ச் சூடாகேக்கை மீன் கரைப்பக்கம் வரும். பிறகு வெயில் ஏறினால் திரும்பி ஆழத்துக்குப் போயிடும். உமக்கு விளங்காது. இது சயன்ஸ்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சயன்ஸ் என்றால் வாயை மூடிக்கொள்வேன். கவலையை யார் மூடுவது?

முதல் வெள்ளிக்கிழமை. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டார். தொலைபேசியை நிறுத்திவிட்டார். "மீனுக்குச் சத்தம் ஆகாது." பதினொரு மணிக்கு வந்தார். பையில் மூன்று விளைமீன். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

"கடல் எப்பிடி?"

"கண்ணாடி மாதிரி. வாயைப் பாரும். தெரியுதோ ஓட்டை? தூண்டில் ஏறின ஓட்டை. சந்தை மீனிலை உது இருக்காது."

உண்மைதான். ஒவ்வொரு மீனின் மேல் உதட்டிலும் வட்டமாய் ஓர் ஓட்டை. கந்தோர் வேலையில் கடதாசியைக் கோப்பில் கோர்க்கப் போடுவார்களே, அப்படி.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். மீன் சமைக்கிறதும் இல்லை, வெட்டுகிறதும் இல்லை, தொட்டால் திரும்பத் தலை முழுக வேண்டும். இந்த அரபு நாட்டில் இவருக்கு லீவும் அந்த ஒரு நாள்தான். அதனால் பிடித்த மீனைப் பையோடு பிரீசருக்குள் தள்ளினேன். சனிக்கிழமை வெளியே எடுத்தால் கல்லு. இன்றைய மீனோ, போன மாத மீனோ, யாரால் சொல்ல முடியும்? மனிசன் எங்கள் விரதத்தையே தன் சாட்சிக்காரனாக வைத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாம் வெள்ளி, மூன்று மீன். மூன்றாம் வெள்ளி, மூன்று மீன். கடலுக்கு எண்ணத் தெரியும் போல.

கையுறையைக் கழுவ எடுத்தேன். மணந்து பார்த்தேன். மீன் வாடை இல்லை. ஏலக்காய்த் தேத்தண்ணி வாடைதான் வந்தது. அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கடல் தண்ணீர் வாடையை எடுத்துவிடும், ஆனால் கையிலே சொறி வருமோ என்றுதான் கவலைப்பட்டேன்.

எங்கள் மாடியில் எதிர் வீடு நஜீஹாவுடையது. கீழக்கரைக்காரி. கார் ஓடுவாள். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, தைரியம் அறுபது வருசம் கூட. நாங்கள் இருக்கிற மங்காஃபில் நான் வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் நாலு பேரைப் பார்த்துக்கொள்கிறேன். சனி தொடங்கி வியாழன் வரை. அதில் ஒன்று நஜீஹாவின் மகள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவளிடம் என் பயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் கடலுக்குப் போனா என்னக்கா? ஃபோன்ல பாத்துக்கலாம்ல. காத்து எவ்வளவு, அலை எவ்வளவு, எல்லாம் காட்டும்."

ஓர் ஆப் போட்டுத் தந்தாள். எனக்கு வந்த வினையே அதுதான். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் போகக்கூடாது. காற்றை நொட்ஸ் என்று அளக்கிறார்கள். வடமேற்குக் காற்று எங்கள் கரைக்கு முதுகுப் பக்கத்தால் வரும், கடல் அடங்கியிருக்கும். தென்கிழக்கு என்றால் முகத்தில் அறையும். கடல் ஏறுகிற பெருக்கு எத்தனை மணிக்கு, இறங்குகிற வற்று எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை டிகிரி. பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம் முழுக்க இதையே பார்த்தேன். தூண்டில் கட்டுகிற வீடியோ, இரை கோர்க்கிற வீடியோ. இவர் என்ன பிழை விட்டு எப்படிச் சாகப்போகிறார் என்று அறியத்தான் பார்த்தேன். பயத்தில் படிக்கிற படிப்பு மறக்காது.

நாலாம் வெள்ளி வந்தது. ஐந்து மணிக்கு இவர் போகும்போது எல்லாம் நீலம். ஏழு மணிக்கு விளக்குக் கொளுத்திவிட்டு ஆப்பைத் திறந்தேன். சிவப்பு. தென்கிழக்கு, இருபத்தெட்டு நொட்ஸ். அலை இரண்டு மீற்றர். யன்னலைப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரரின் பெட்சீற் எங்கள் ஐந்தாம் மாடியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

இவருக்கு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது. செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு நஜீஹாவின் கதவைத் தட்டினேன்.

கடற்கரைக்குக் காரில் பத்து நிமிடம். அலை கல்லுகளின் மேலேறி நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு குருவிகூட இல்லை. குப்பை கூட்டுகிற வங்காளத்துக்காரர் ஒருவர் மட்டும் விளக்குமாற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய், மச்சிலிவாலா?" என்று கத்தினாள் நஜீஹா.

"மாஃபி, மேடம். ஆஜ் மச்சிலிவாலா மாஃபி. ஹவா பஹுத்."

இன்றைக்கு ஒரு மீன்பிடிக்காரனும் வரவில்லை, காற்று அதிகம் என்றார். என் மனதுக்குள் இவர் ஏற்கெனவே ஈரான் கரையில் ஒதுங்கி, பாஷை தெரியாமல், சீனி வியாதி மருந்தும் இல்லாமல் ஈர உடுப்போடு நின்றார்.

"அக்கா, அழாதீங்க. கூட்டாளி யாருக்காச்சும் போன் போடுங்க. நாலு ஆம்பளைங்க வந்து தேடட்டும்."

ஸ்ரீகாந்துக்கு எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. மனைவி பிரஷாந்திக்கு எடுத்தேன்.

"பிரஷாந்தி, ஸ்ரீகாந்தை உடனை கடற்கரைக்கு அனுப்பு பிள்ளை. இவரைக் காணேல்லை."

"ஆரை அக்கா?"

"இவரை. மீன் பிடிக்க வந்தவர்."

"அக்கா, அண்ணை இஞ்சைதானே இருக்கிறார்" என்றாள்.

"எங்கை?"

"எங்கடை ஹோலுக்குள்ளை. ஒவ்வொரு வெள்ளியும் வாறவர்தானே. இப்பதான் மூண்டாவது தேத்தண்ணி குடுத்தனான். நீங்கள் தெரிஞ்சுதான் விடுறியள் எண்டெல்லோ நினைச்சன்."

அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. முப்பது வருசமாய் எனக்குத் தெரிந்த குரல். "துரும்பைத் திறவடா ஸ்ரீகாந்த், துரும்பைத் திறவடா" என்றது.

"நான் எடுத்தனெண்டு சொல்லாதை, பிரஷாந்தி," என்று வைத்தேன்.

முதலில் உயிர் வந்தது. பிறகு கோபம் வந்தது. மூன்றாவதாக வந்ததுதான் புதினம். நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். நாலு வருசமாய்ப் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறேன். கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்கும்போதெல்லாம், "கடல் எங்கை ஓடியா போகப்போகுது?" என்று சொல்லிச் சொல்லி, இரண்டே இரண்டு தரம்தான் காட்டினார். ஆறு நாள் மற்றவர்களின் பிள்ளைகள். ஏழாம் நாள் சமையல். இந்தக் காற்றும் உப்பும் இவ்வளவு நாளும் இங்கேதான் கிடந்தன. என் வெள்ளிக்கிழமையைத்தான் யாரோ துரும்பு போலக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?" என்றாள் நஜீஹா பயந்து.

பத்தரைக்குக் காற்று விழுந்தது. பதினொன்றுக்கு இவர் வந்தார். பையில் மூன்று மீன். அப்பாசியா கடலில் இருந்து எட்ட இருக்கிறது. யன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு சீட்டு விளையாடுகிறவனுக்கு உலகம் அழிந்தாலும் தெரியாது.

"கடல் எப்பிடி?" என்றேன். என் தலைமயிருக்குள் இன்னும் மணல் இருந்தது.

"கண்ணாடி மாதிரி."

"குடுங்கோ, பிரீசருக்குள்ளை வைக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க நான் தங்கமான மனைவி. வியாழக்கிழமை பின்னேரம், வடை சுட்டுக் கையில் கொடுத்துவிட்டு மெல்லத் தொடங்கினேன்.

"நாளைக்கு நானும் வாறன்."

"எங்கை?"

"கடலுக்கு."

வடை பாதி வழியில் நின்றது.

"உமக்கு வெயில் ஒத்துவராது."

"விடியப்புறம் என்ன வெயில்?"

"காத்து வேறை கூடவாம்."

"வடமேற்கு. ஆறு நொட்ஸ்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அலுமாரி எழும்பிக் கதைத்தது போல இருந்தது அவருக்கு.

"பெருக்குச் சரியில்லை."

"அஞ்சு ஐம்பதுக்குப் பெருக்கு. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நல்லாய்க் கொத்தும்."

"தண்ணி..."

"இருபத்திரண்டு டிகிரி. போன கிழமையை விட ஒண்டு கூட. மீன் கரைக்கு வாற சூடு."

நெற்றியைத் துடைத்தார். சயன்ஸ் முடிந்தது. பஞ்சாங்கத்துக்குப் போனார்.

"நாளைக்கு அட்டமி. அட்டமியிலை நல்ல காரியம் தொடங்கக் கூடாது."

"மீனுக்கு அது நல்ல காரியமில்லையே."

மிச்ச வடையைச் சாப்பிடாமலே எழும்பிப் போனார்.

வெள்ளி விடிந்தது. கடல் உண்மையாகவே கண்ணாடி மாதிரி. அந்த அழகை இவரால் அனுபவிக்க முடியவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு நைலோன் நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்ட முயன்றார். தூண்டில் தொப்பியில் ஏறியது. தொப்பியில் இருந்து எடுத்தபோது சேட்டுக் கையில் ஏறியது. தடியை ஓங்கி வீசினார். ஈயக் குண்டு எங்களுக்குப் பின்னால் நின்ற காரின் கூரையில் விழுந்தது. நல்ல காலம், அது எங்கள் கார்.

"மூண்டு மூண்டாய்ப் பிடிச்ச ஆளெல்லோ. என்ன நடந்தது?"

"நீர் பக்கத்திலை நிண்டால் எனக்குக் கை ஓடாது."

"அப்ப தள்ளி நில்லுங்கோ. என்னட்டைத் தாங்கோ."

நரம்பை ஐந்து சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்கினேன். இறாலைக் கோர்த்தேன். வீசினேன். அவ்வளவு தூரம் போகவில்லை. போதுமான தூரம் போனது. ஆறு நாற்பதுக்கு யாரோ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் இழுவை. மெல்லமாய்ச் சுற்றினேன். உள்ளங்கை அளவில் ஒரு விளைமீன் துள்ளிக்கொண்டு வந்தது.

நான் வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மிஸிரி அரபிகள் கைதட்டினார்கள். மீனின் வாயைப் பார்த்தேன். ஓட்டை வட்டமாக இல்லை. கிழிந்து, பிய்ந்து இருந்தது.

"என்னப்பா, உங்கடை மீனுகளுக்கு மட்டும் கடல் அளவெடுத்து ஓட்டை போட்டதோ?"

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. இன்றைக்கு அதை நிறுத்த விடாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். அவர் தொட்டார். தட்டினார். தடவினார். கையுறைக்கு அந்தக் கண்ணாடி மசியவில்லை. நான் வாங்கி ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?" ஸ்ரீகாந்தின் குரல். "ஒரு கை குறையுது. மூண்டு பேரும் ஒருத்தற்றை மூஞ்சையை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்கிறம். மீன் வாங்கிறதைப் பிறகு பாக்கலாம், கெதியா வாங்கோ."

"அண்ணை வரமாட்டார் ஸ்ரீகாந்த். அவருக்கு இண்டைக்குக் கண்டிஷன் சரியில்லை," என்றேன்.

இவர் கல்லில் இருந்தார். கடல் மட்டும் அடக்கமாய் வந்து வந்து போனது.

"நான் சத்தியத்தை மீறேல்லை, குமுதினி."

"எப்பிடி?"

"சீட்டு கையிலை படாது எண்டுதானே சொன்னனான்." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "படேல்லை."

நான் கையுறையைப் பார்த்தேன். நாலு கடை ஏறி இறங்கிய கையுறை. நாலு வெள்ளிக்கிழமையாய் ஏலக்காய் மணத்த கையுறை. முருகன் இதைக் கேட்டால் வேலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே தீர்ப்புச் சொன்னேன்.

"இனி வெள்ளிக்கிழமை விடியக் கடலுக்கு நான். நஜீஹா கூட்டிக்கொண்டு போவாள். சோறு, பருப்பு, மூண்டு கறி உங்களுக்கு. விளக்கும் நீங்கள்தான் கொளுத்திறது."

"சீட்டு?"

"பின்னேரம் அவையை எங்கடை வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ. நான் கற்பூரம் கொளுத்திச் சத்தியத்தைத் திருப்பி எடுக்கிறன். வெறுங்கையாலை விளையாடுங்கோ."

"அப்ப மதியம் தேங்காய் ஆர் திருவுறது?"

"கையுறை இருக்குத்தானே."

எழும்பும்போது கேட்டேன். "எல்லாம் சரி. அந்த வாய் ஓட்டை எப்பிடி?"

"அது தொழில் இரகசியம்," என்றார். அதை மட்டும் விடவேயில்லை.

இப்போது சித்திரை பாதி தாண்டிவிட்டது. மூன்று வெள்ளிக்கிழமையாய் நான்தான் போகிறேன். முதல் வெள்ளி இரண்டு மீன். அடுத்த வெள்ளி நாலு. கட்டடம் முழுக்க என் பேச்சுத்தான். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்கூட, "அக்கா, நாளைக்குக் காத்து எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். இவர் வீட்டில் பருப்பை அடிப்பிடிக்க விட்டு, அதைச் சுரண்டி, முன்னேறிக்கொண்டிருக்கிறார். போகும்போதெல்லாம் கதவடியில் நின்று, "காத்துக் கூடவாமே, கவனம்" என்கிறார். என் கவலையைக்கூட அவரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்றுத்தான் மூன்றாவது வெள்ளி. காற்று ஐந்து நொட்ஸ். பெருக்கு ஆறு மணிக்கு. தண்ணீர் இருபத்துநாலு. எல்லாம் நீலம். நாலு மணித்தியாலம் நின்றேன். ஒரு பாசிகூடக் கொத்தவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு எப்படிப் போவது? சயன்ஸ் பேசிய வாய்.

"விடுங்கக்கா," என்றாள் நஜீஹா. "போற வழியில ஒரு சின்ன மீன்கடை இருக்கு. நம்ம ராம்நாட்டுக்காரருதான்."

கடைக்காரர் பெயர் கௌஸ் முகைதீன். மூன்று விளைமீனைக் காட்டினேன். கத்தியை எடுத்தார்.

"வயிறு கீறவாக்கா?"

"வேண்டாம். அப்பிடியே தாங்கோ."

அவர் கத்தியை வைத்துவிட்டு, என் கையில் இருந்த தூண்டில் தடியைப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, கடதாசிக்கு ஓட்டை போடுகிற மெஷினை எடுத்து வெளியே வைத்தார்.

"வாயில ஓட்டை போட்டுத் தரட்டுங்களா? வெள்ளிக்கிழமைல ஒரு சிலோன் அண்ணன் வருவாரு. அவருக்கு இப்படித்தான் குடுக்கிறது."

நான் ஒரு பக்கம் கடலைப் பார்த்தேன். மறுபக்கம் நஜீஹாவைப் பார்த்தேன்.

"அது வேண்டாம் தம்பி," என்றேன். "வட்டமாய் இருந்தால் பிடிபட்டிடும். கத்தியாலை கொஞ்சம் கிழிச்சு விடுங்கோ."